இரண்டாவது கண்

“முதல் கண் யாருன்னு எனக்குத் தெரியணும். இன்னிக்கே அவங்களப் பாக்கணும்.”

சொல்லிவிட்டாள். சில மாதங்களுக்கு முன் வேலையில் சேர்ந்த அன்று, போட்ட கையெழுத்து காய்வதற்குள், எதை மட்டும் வாய் திறந்து கேட்கவே கூடாது என்று சொல்லி வைத்தார்களோ அதையே கேட்டுவிட்டாள். சூப்பர்வைசர் உதட்டுக்குக் கொண்டுபோன டீயை அப்படியே இறக்கி மேசையில் வைத்தார்.

“மெதுவா, மெதுவா.”

அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். பாதி ஆயுசைக் கண்ணாடிக் குப்பிகளுக்கு நடுவில் கழித்தவர். ட்ராலியைத் தள்ளினாலும் மெதுவா, யாராவது தும்மினாலும் மெதுவா. தொழிற்சாலை முழுக்க அவருக்கு ‘மெதுவா’ என்றே பெயர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

“மெதுவாத்தான் கேக்கறேன். யாரு அவங்க?”

“பட்டதாரிம்மா, உனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா? வேலை வேணுமா வேணாமா?”

பட்டதாரி என்பது அவளுக்கு அங்கே வைத்த பெயர். மரியாதையில் பாதியும் நக்கலில் பாதியுமாகக் கூப்பிடுவார்கள். அவள் ‘ம்’ என்று மட்டும் சொல்வாள். கோபத்தைச் சில்லறையாகச் செலவழிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

ஊசி மருந்தைச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் நிரப்பி, கழுத்தை உருக்கி மூடி, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற தொழிற்சாலை அது. வெளியே போகும் முன் ஒவ்வொரு குப்பியையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும். விளக்கின் அடியில் பிடித்து, ஒரு சுழற்று சுழற்றி, கறுப்புப் பலகைக்கு எதிரே ஒரு முறை, வெள்ளைப் பலகைக்கு எதிரே ஒரு முறை. கண்ணாடித் துகள் இருந்தால் கறுப்பில் மினுக்கும். கரியோ நூலோ கிடந்தால் வெள்ளையில் காட்டிக்கொடுத்துவிடும். முதலில் பார்ப்பவருக்கு முதல் கண் என்று பெயர். அவர் கழித்தது போக மிச்சம் ட்ரேயில் அடுக்கி இரண்டாவது கண்ணுக்கு வரும். பட்டதாரிதான் இரண்டாவது கண்.

இந்த இரண்டு கண்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளக் கூடாது. அதுதான் அங்கே சட்டம். தனித்தனி அறை, தனித்தனி வாசல், சாப்பாட்டு நேரம்கூட வேறு வேறு. ட்ரேக்களை ட்ராலியில் தள்ளிக்கொண்டு நடுவில் போய் வருவது மெதுவா ஒருத்தர்தான். அவரும் வாயைத் திறக்க மாட்டார். மற்றவர்களுக்கு இது ஏதோ முதலாளியின் கிறுக்கு. அதன் காரணம் முழுசாகப் புரிந்தது, புள்ளியியல் படித்துவிட்டு அந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்த இவளுக்குத்தான்.

பழுதான குப்பிகளில் முதல் கண் நூற்றுக்கு நாலைத் தவறவிடும். இரண்டாவது கண் நூற்றுக்கு ஐந்து. மனுஷக் கண் அவ்வளவுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒரே குப்பியை இரண்டு பேரும் தவறவிட வேண்டுமென்றால் நாலையும் ஐந்தையும் பெருக்க வேண்டும். ஆயிரத்துக்கு இரண்டுதான் தப்பும். இந்த ‘ஆயிரத்துக்கு இரண்டு’ என்பதைத்தான் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற ஒவ்வொரு தாளிலும் கம்பெனி கொட்டை எழுத்தில் அச்சடித்தது. பெருக்குவதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ஒன்று நடப்பது மற்றதைத் தொடவே கூடாது. பாடத்தில் அதற்குச் சார்பிலா நிகழ்ச்சிகள் என்று பெயர். வகுப்பில் நாணயத்தையும் பகடையையும் வைத்து அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். நாணயத்துக்குத் தனிமை தெரியாது. இங்கே நாணயத்துக்குப் பதில் இரண்டு பெண்களை உட்கார வைத்திருந்தார்கள்.

வீட்டில் யாருக்கும் அவள் வேலை புரியவில்லை. அப்பா மூட்டை தூக்குகிறவர். அம்மா அடுக்குமாடி வீடுகளில் படிக்கட்டு கழுவுகிறவள். அண்ணன் பைக் மெக்கானிக். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் இவள்.

“நாள் முழுக்க என்னடி பண்ற அங்க?”

“பாக்கறேன்ம்மா.”

“என்னத்த?”

“குப்பிய.”

“அதுக்கா மூணு வருஷம் படிச்ச?” என்று அண்ணன் சிரித்தான். “நான் சும்மாவே பாப்பேனே.”

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். வீட்டில் பேச ஆள் இருந்தது, விஷயம் இல்லை. அங்கே விஷயம் இருந்தது, ஆள் இல்லை. அறையில் விளக்கு, பலகை, ஸ்டூல், விசிறியின் சத்தம். சில நாள் மாலையில் வெளியே வந்து பஸ் நடத்துனரிடம் டிக்கெட் கேட்கும்போது தன் குரலே யாருடையதோ மாதிரி கரகரக்கும். காலையிலிருந்து அதுதான் முதல் பேச்சாக இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அந்தப் புள்ளிகள் வந்தன.

ஒவ்வொரு குப்பியின் கழுத்திலும் ஒரு நீலப் புள்ளி இருக்கும். நர்ஸ் அந்த இடத்தில் அழுத்தி உடைக்க வேண்டும் என்பதற்கு அடையாளம். ட்ரேயில் குப்பிகள் நிற்கும்போது புள்ளிகள் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருக்கும். அன்று ஒரு ட்ரேயில் கடைசி வரிசையின் பத்துப் புள்ளிகளும் நேராக இவளைப் பார்த்தன.

தற்செயலா? அவளுக்கு உடனே கணக்கு ஓடியது. முன், பின், இடம், வலம் என்று நாலு திசை வைத்துக்கொள்வோம். ஒரு புள்ளி இவளைப் பார்க்க நாலில் ஒரு வாய்ப்பு. பத்தும் ஒன்றையொன்று கேட்காமல் தானாகவே இந்தப் பக்கம் திரும்ப வேண்டுமென்றால் பத்து நாலுகளை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். விரலில் மடக்கி எண்ணினாள். பத்து லட்சத்தைத் தாண்டியது. பத்து லட்சம் ட்ரேக்களில் ஒன்றில் தானாக நடக்கலாம். இல்லையென்றால் ஒரு ஆள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள்.

காலி ட்ரேக்கள் முதல் கண்ணுக்கே திரும்பிப் போகும் என்பது தெரியும். ட்ரேயின் ஓரத்தில் எண் எழுதிய அட்டை ஒன்று செருகியிருக்கும். அதைத் தலைகீழாகச் செருகி அனுப்பினாள். மறுநாள் முதல் ட்ரேயிலேயே கடைசி வரிசை முழுக்க இவளைப் பார்த்து நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்கப்புறம் தினமும். காலையில் ஒரு ட்ரே, மதியத்துக்கு முன்னால் ஒன்று, பிறகு கணக்கே இல்லை. சில நேரம் புள்ளிகள் ஒன்று விட்டு ஒன்று திரும்பியிருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியும்? இவளுக்கு அது கிண்டலாகப் பட்டது. ஒரு நாள் ஒரே ஒரு குப்பி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ‘என்ன கோபம்?’ என்று குப்பியிடமே கேட்டாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது குரல் கரகரப்பதும் நின்றுபோனது.

பிறகு ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. ஊசி ஏற்றப் போன நர்ஸ் குப்பிக்குள் ஏதோ மினுக்குவதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டிருக்கிறார். ஊசி உடம்பில் இறங்கவில்லை, பிழைத்தது. தேடிப் பார்த்தால் அதே பெட்டியில் இன்னும் சில குப்பிகளில் கண்ணாடித் துகள்.

மேனேஜர் சத்தம் போடவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஒரு சோதனை வைத்தார். தெரிந்தே பழுதான ஐந்நூறு குப்பிகளை நல்ல குப்பிகளோடு கலந்து, பல ட்ரேக்களில் பரப்பி அனுப்பினார். முடிவு கையில் வந்ததும் பட்டதாரியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். அந்த அறையில் அவளுக்கு நாற்காலி கிடைத்தது அதுவே முதல் தடவை.

“நீ கணக்குப் படிச்ச பொண்ணு. ஆஸ்பத்திரிக்கு ஒரு பக்கம் எழுதணும். சோதனை வச்சோம், தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சோம், ஆளை மாத்திட்டோம், இனிமே பழையபடி ஆயிரத்துக்கு ரெண்டுதான். அவ்வளவுதான். அழகா எழுதிக் கொடு.”

“ஆளை மாத்திட்டோம்னா?”

“முதல் கண்ணை அனுப்பறோம். வயசாகுது. படிப்பும் இல்ல. இனிமே உன்னை மாதிரி படிச்ச பசங்களா எடுக்கலாம்னு இருக்கேன்.”

மேசையில் சின்ன அட்டைப் பெட்டி இருந்தது. அதில் இரண்டு கண்ணிலிருந்தும் தப்பிய குப்பிகள் பதினொன்று. அவள் ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சுழற்றினாள். கழுத்தருகே கீறல். அடுத்தது, அடியில் துகள் ஒன்று சுற்றிச் சுற்றி மினுக்கியது. அதற்கடுத்தது, நூல். பதினொன்றையும் எடுத்துப் பார்த்தாள். பலகை இல்லை, விளக்கு இல்லை. ஆனாலும் எல்லாமே பளிச்சென்று தெரிந்தன.

“முதல் கண் எத்தனை பிடிச்சாங்க?” என்று கேட்டாள். தன் குரல் எங்கிருந்தோ வருவது போல இருந்தது.

“நானூத்தி எண்பது.”

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவளுக்குத் தாளும் பேனாவும் தேவைப்படவில்லை. ஐந்நூறில் நானூற்றி எண்பது போனால் இருபது. நூற்றுக்கு நாலு. முதல் கண் எப்போதும் விடுகிற அதே நாலு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த இருபதும் இவள் கைக்கு வந்திருக்கின்றன. நூற்றுக்கு ஐந்து விடுகிற கண்ணாக இருந்திருந்தால் இருபதில் ஒன்று தப்பியிருக்க வேண்டும். தப்பியது பதினொன்று.

தப்பிக்க ஒரே ஒரு சந்து இருந்தது. முதல் கண் கண்டுபிடிக்க முடியாத குப்பி கஷ்டமான குப்பியாகத்தானே இருக்கும், கஷ்டமானது இரண்டாவது கண்ணுக்கும் கஷ்டம்தானே? நல்ல வாதம்தான். பேராசிரியர் மதிப்பெண்கூடப் போடுவார். ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் அந்தப் பதினொன்றும் பல்லைக் காட்டிச் சிரித்ததை அவளே பார்த்திருந்தாள்.

புள்ளிகள் திரும்பியிருக்கிற ட்ரே வந்தால் என்ன செய்வாள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். முகம் மலரும். ‘பாத்துட்டாங்க’ என்று மனசு சொல்லும். கறுப்புக்கு எதிரே ஒரு சுழற்று. வெள்ளைக்குப் போனாலும் உண்டு, போகாவிட்டாலும் உண்டு. யாரும் இல்லாதபோது கத்தி மாதிரி இருந்த கண், ஒரு ஆள் இருக்கிறாள் என்று தெரிந்ததும் போய் அவள் தோளில் சாய்ந்துகொண்டது.

அன்று இரவு அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். பசிக்கவில்லை என்றாள். யாரிடம் போய் இதைச் சொல்வது? சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவளுக்குத்தான் வேலை போகப் போகிறது.

அதனால்தான் மறுநாள் காலை அந்தக் கேள்வி.

“கேக்கக் கூடாததக் கேக்கற,” என்றார் மெதுவா.

“அவங்களத்தான் அனுப்பறீங்களே. அனுப்பறவங்களப் பாத்தா எந்தச் சட்டம் உடையும்?”

அவர் டீயை ஒரே மூச்சில் குடித்தார். டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார்.

காலி அட்டைப் பெட்டிகள் போட்டு வைக்கிற அறை அது. ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். அகலமான தோள், பெரிய கை, மூக்கில் தடித்த கண்ணாடி. பட்டதாரி இத்தனை நாள் மனசில் வரைந்து வைத்திருந்தது மெலிந்து, சின்னக் குரலில் பேசுகிற, தன் வயசுப் பெண் ஒருத்தியை. அந்தப் பெண் நொடியில் காணாமல் போனாள்.

“நீதான் அட்டையத் தலைகீழா சொருகறவளா?”

“ஆமாக்கா.”

“இத்தனூண்டுதான் இருக்க! நான் யாரோ பெரிய பொம்பளைன்னு நினைச்சேன்.” சிரித்தாள். “முதல் கண்ணுக்குக் கண்ணாடியான்னு பாக்கறியா? எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. கண்ணாடி போட்டாத்தான் கண்ணாடி தெரியும்னு சொல்லிடுவேன். உக்காரு.”

பட்டதாரி உட்காரவில்லை.

“எதுக்குக்கா புள்ளியத் திருப்பி வச்சீங்க?”

“எதுக்கோ. வீட்ல அவரு டிவியோட பேசுவாரு, எங்கூடப் பேச மாட்டாரு. பொண்ணு போனோட பேசுவா. இங்க வந்தா பலகை. ஒரு நாள் கை தானாத் திருப்பிடுச்சு. மறுநாள் உன் அட்டை தலைகீழா வந்துச்சு பாரு, அன்னிக்கு நான் வீட்டுக்கு நடந்தே போனேன். அவ்வளவு சந்தோஷம்.” முகம் வாடியது. “அதுலதான் கோட்ட விட்டுட்டேன் போல. பின்னாடி நீ இருக்கேங்கற தெம்புல நான்தான் அசந்துட்டேன். அனுப்பறாங்க, அனுப்பட்டும். தப்புதான?”

“நீங்க அசரலக்கா.”

“உனக்கென்ன தெரியும்?”

“எண் தெரியும். நீங்க முதல்ல நூத்துக்கு நாலு விட்டீங்க. இப்பவும் நாலுதான். ஒண்ணுகூடக் கூடல. உங்ககிட்ட எதுவுமே மாறல.”

“அப்போ யாரு?”

மெதுவா கதவருகே நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான். உங்க புள்ளியப் பாத்தா, நீங்க பாத்துட்டீங்கன்னு விட்டுட்டேன்.”

அந்த அக்கா கட்டிப்பிடித்து அழவில்லை, பரவாயில்லை கண்ணு என்றும் சொல்லவில்லை. கையிலிருந்த கரண்டியை டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

“பாக்கலையா நீ?”

“சரியாப் பாக்கலக்கா.”

“நான் திருப்பி வச்சது நீ பாக்காம இருக்கறதுக்கா? அது யார் உடம்புல ஏறப் போகுதுன்னு தெரியுமா உனக்கு? படிச்சவதான நீ?”

“திட்டுங்கக்கா.”

“உன்னத் திட்டி நான் என்ன பண்ண!” டப்பாவைத் தள்ளி வைத்தாள். “உனக்கு முன்னாடி இருந்தவ யாருன்னே எனக்குத் தெரியாது. அவ்வளவு வருஷமும் எனக்கு அப்புறம் யாருமே இல்லங்கற மாதிரிதான் ஒவ்வொண்ணையும் பாத்தேன். நீ வந்த அப்புறம்தான்...” முடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள். கண்ணாடி இல்லாத முகம் திடீரென்று சின்னதாக, எதையும் சரியாகப் பார்க்க முடியாததாகத் தெரிந்தது.

தொடலாமா என்று பட்டதாரி நினைத்தாள். கை வரவில்லை. இத்தனை மாதம் சுவர் வழியாக ஒட்டிக்கொண்டிருந்த ஒன்று, சுவர் இல்லாத இடத்தில் நிற்க மாட்டேன் என்றது.

“உங்க வேலை போகாதுக்கா,” என்று மட்டும் சொன்னாள்.

தன் அறைக்குப் போய், மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு எழுதச் சொன்ன அந்த ஒரு பக்கத்தை எழுதினாள். பெரிய எழுத்து இல்லை, அலங்காரம் இல்லை. முதல் கண் நூற்றுக்கு நாலுதான் விட்டது. தவறு முழுக்க இரண்டாவது கண்ணுடையது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறிந்த பிறகு நாலையும் ஐந்தையும் பெருக்கியது பொய். அந்தக் காலத்தில் போன பெட்டிகளைத் திரும்ப வாங்கி மறுபடி பார்க்க வேண்டும். அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார்.

“இதுக்கு என்ன அர்த்தம்னு புரிஞ்சுதான் எழுதினியா?”

“எழுதினதே நான்தான சார்.”

“நக்கலா? உன்னை ஆபீசுக்குள்ள எடுக்கலாம்னு இருந்தேன். ஏசி ரூம். உங்க வீட்ல இதுவரைக்கும் யாராவது அப்படி உக்காந்திருக்காங்களா?”

அவளுக்குக் காது சுட்டது. “உக்காந்ததில்ல சார். எங்க வீட்ல யாரும் நாலையும் அஞ்சையும் பொய்யாப் பெருக்கினதும் இல்ல.”

“பாரு, அந்தம்மா போனா ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. புதுசா ஒருத்தி வருவா. நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்காதீங்க. பெருக்கல் பழையபடி சரியாயிடும். கணக்குப்படி நான் சொல்றது தப்பா?”

அதில்தான் அவளுக்குக் கோபம் முழுசாக வந்தது. ஏனென்றால் கணக்குப்படி அவர் சொன்னது தப்பில்லை. பேச நாதியில்லாத இன்னொருத்தியைக் கொண்டுவந்து அந்தப் பக்கம் உட்கார வைத்து, இந்தப் பக்கம் இவளையும் வைத்து, நடுவில் சுவரை எழுப்பினால் பெருக்கல் சரியாகத்தான் வரும்.

“நாலு சரியான எண் சார். அதை அனுப்பிட்டா உங்ககிட்ட மிச்சம் இருக்கறது இருபதுல பதினொன்ன விட்ட என் கண்ணுதான். அதோட எதைப் பெருக்கினாலும் ஆயிரத்துக்கு ரெண்டு வராது. அவங்க இருக்கட்டும். என் இடத்துக்கு வேற ஆளப் போடுங்க. நான் எழுதின இந்தத் தாள் ஆஸ்பத்திரிக்குப் போகணும். போகலன்னா நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், நகல் பையில இருக்கு.”

“மிரட்டறியா?”

“இல்ல சார். சொல்லிட்டுப் போறேன்.”

“உக்காரு. நாளைக்குப் பேசிக்கலாம். அவசரப்படாத. வீட்ல கேட்டுட்டு வா.”

வீட்டில் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அம்மா அழுவாள். அப்பா எதுவும் பேசாமல் வெளியே போவார். அண்ணன் கிண்டல் செய்யத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொள்வான். அதெல்லாம் சாயங்காலம். இதை அவள் முடிவு செய்தது பஸ்ஸிலேயே, இருபதில் பதினொன்று என்று மனசில் விழுந்த அந்த நிறுத்தத்திலேயே.

மேனேஜர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவள் பையைத் தோளில் மாட்டி, நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெளியே நடந்தாள்.